சட்டம் இல்லாத சுவர்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சிறு மாவட்டம் ஒன்றில், சொந்தமாகக் கட்டிய முகாம் வண்டிக்கு எண் பலகை பெற, அதன் சுவருக்குள் மரத்திலோ இரும்பிலோ சட்டம் இருக்க வேண்டும்.

வெர்லின் ஹோக்ஸ்ட்ரா காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் தம் வண்டியை தெர்மாகோல் போன்ற இரண்டு அங்குல நுரைப் பலகையால் கட்டியிருந்தார். உள்ளும் புறமும் கித்தான் துணி, மூன்று பூச்சுப் பசை. துணி காய்ந்து தோல்போல இறுகிவிட்டது, பலமே அதுதான். மனைவி ஆர்டித்துக்கு மூட்டு வலி, கூடாரத் தரையில் படுத்தால் எழ முடியாது. சனிக்கிழமை நுரை வண்டிக்காரர்கள் கூடும் ஏரிக்கரைச் சந்திப்புக்கு வண்டி போனால்தான் அவளும் போக முடியும். அன்று வியாழன்.

வாகன ஆய்வாளர் டட்டில் சுவரைத் தட்டினார்.

"சட்டம் எங்க?"

"இல்லீங்க சார். துணிதான் தாங்குது."

"துணி எப்படித் தாங்கும்? படிவத்துல மரம், இரும்பு ரெண்டுதான இருக்கு!"

வெர்லின் கூரைமேல் ஏறி நின்றார். நூற்றுத் தொண்ணூற்றாறு பவுண்டு எடை. கூரை முனகக்கூட இல்லை.

"பாத்தீங்களா சார்?"

"நான் பாத்துட்டேன். படிவம் பாக்கலையே."

டட்டில் கடமை தவறாதவர். சட்டத்தைத் தேடித் துளைக்கருவியால் ஏழு ஓட்டை போட்டார்.

"இத்தனைக்கப்புறமும் நிக்குதே சார்!"

"அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. சட்டம் இல்லாம நிக்குதுன்னா சட்டவிரோதமா நிக்குது."

வெர்லின் தலைகுனிந்து வீடு திரும்பினார். ஆர்டித் ஏழு ஓட்டைகளையும் பார்த்தாள்.

"அந்த ஆளுக்குச் சட்டம் கண்ணுல தெரியணும், அவ்வளவுதான? பெயின்ட் டப்பாவ எடு, வெர்லின்."

வெள்ளிக்கிழமை காலை, ஓட்டைகளை அடைத்த சுவரில் நான்கு பழுப்புக் கோடுகள் நின்றன. டட்டில் ஒன்றைத் தடவினார். விரலில் பழுப்பு ஒட்டியது.

"ஈரமா இருக்கே?"

"பச்சை மரங்க," என்றாள் ஆர்டித்.

டட்டில் 'மரம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, எண் பலகையைக் கொடுத்தார்.

ஏரிக்கரையில் இருபத்துமூன்று நுரை வண்டிகள். கதை பரவியது, மாலைக்குள் பத்தொன்பதில் பழுப்புக் கோடுகள். அடுத்த கோடையில் நான்கு கோடு போதுமா, காற்றைத் தாங்க ஆறு வேண்டுமா என்று அங்கே இரண்டு கட்சிகள் இருந்தன. வெர்லின் ஆறு கோட்டுக் கட்சிக்குத் தலைவர்.

அந்தக் கோடைச் சந்திப்புக்கு ஓர் இளம்பெண் கோடே இல்லாத வெள்ளைச் சுவரோடு வண்டி கொண்டுவந்தாள். வெர்லின் அதைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, உண்மையான கவலையோடு கேட்டார்:

"ஏம்மா, சட்டமே இல்லாம இது எப்படிம்மா நிக்கும்?"