மரத்தைக் கேட்கும் காது

மரக்காதர் என்றோர் இனம் உண்டு. வர்ஜீனியா மலைப்பக்கம் ரெசனேட்டர் கிதார் ஒலிக்கிற இடத்திலெல்லாம் ஒருவராவது இருப்பார். அந்தக் கிதாரின் வயிற்றில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அலுமினியக் கூம்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தந்தியின் அதிர்வை வாங்கி ஊரைக் கூட்டுவது பெரும்பாலும் அதுதான். மரத்துக்கும் பங்கு உண்டு, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மரத்தை மட்டுமே கேட்கிற மரக்காதருக்குக் கூம்பு கண்ணிலேயே படாது!

ஹோபர்ட் மல்லின்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மதியமானால் டூயியின் தீவனக்கடைப் பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவே பாட்டு கூடும். யார் புதுக் கிதாரோடு நுழைந்தாலும் ஹோபர்ட்டின் முதல் கேள்வி, "என்ன மரம்?" மேப்பிள் என்றால், ஒரு தந்திகூட அதிர்வதற்கு முன்பே "கத்தி மாதிரி வெட்டுது" என்பார். மஹாகனி என்றால் "கம்பளி போத்தின மாதிரி இருக்கு." வால்நட் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். பிளைவுட் என்கிற மலிவான ஒட்டுப்பலகை என்றாலோ, காபி எடுக்க எழுந்து போய்விடுவார். அவர் எழுந்து போன கிதாரை அந்தப் பக்கத்தில் ஒருவரும் சீந்துவதில்லை.

தொழிற்சாலை மூடி வேலை போன கார்லீன் ஸ்டாலார்ட், தன் கார்க் கொட்டகையில் செய்த முதல் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முழுக்கக் கறுப்பு வண்ணம். மரத்தின் ரேகை ஒன்றும் தெரியவில்லை. இங்கே எடுபட்டால்தான் அவள் பட்டறை ஓடும்.

"என்ன மரம், கண்ணு?"

"நீங்களே கேட்டுச் சொல்லுங்க, ஹோபர்ட் மாமா."

பின்கட்டே ஹோபர்ட் பக்கம் திரும்பியது. முப்பது வருட மரியாதை, பாவம், அவர் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. முதுகுப் பலகையை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்தார். ஓட்டையில் மூக்கை நுழைத்து மோந்தார். வார்னிஷ் வாசனைதான் வந்தது.

"மோந்து பாக்க அது என்ன சுட்ட பன்னிக்கறியா? வாசிப்பா!" என்றார் டூயி.

வேறு வழியில்லாமல் கிதாரை மடியில் கிடத்தி, இந்தக் கிதார் வாசிக்கிற இரும்புத்துண்டைத் தந்திமேல் இழுத்தார் ஹோபர்ட். அடடா! கைமயிர் சிலிர்த்தது. அந்த ஒரு பாட்டு முடிகிறவரை அவருக்கு மரமே நினைவில்லை. இருபது வயதில் கேட்டது போலக் கேட்டார், சந்தோஷமாக இருந்தார். பாட்டு முடிந்தது. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். வியாதி திரும்பிவிட்டது.

"வால்நட்," என்றார். "எண்பது வருஷம் காஞ்ச வால்நட். இந்தக் கதகதப்பு வேற எதுல வரும்?"

"பிர்ச் ஒட்டுப்பலகை, மாமா. இடிச்ச பள்ளிக்கூடத்து அலமாரிக் கதவு."

பிடில்கார ஐவா சிரித்த சிரிப்பில் பிடில் வில்லே கைநழுவி விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றோடு வாயைத் திறக்கமாட்டார்கள். மரக்காதர் அப்படிப்பட்ட ஆளா?

"அந்த அலமாரி எந்தப் பக்கத்துச் சொவர்ல இருந்துது?"

"ஜன்னலுக்கு எதுத்தாப்புலன்னு நெனைக்கறேன்."

"அதானே பாத்தேன்! அம்பது வருஷம் வெயில் குடிச்ச பலகை! வால்நட் மாதிரி பேசாம வேற எப்படிப் பேசும்?"

அன்று மாலைக்குள் கார்லீனிடம் மூன்று பேர் கிதார் செய்யச் சொன்னார்கள். மூவரும் தனித்தனியாக அவளை ஓரம் கட்டி, குரலைத் தணித்து, ஒரே நிபந்தனை போட்டார்கள்: ஜன்னலுக்கு எதிரே இருந்த அலமாரிக் கதவாக இருக்க வேண்டும். அலமாரிக்கு இருந்ததே இரண்டு கதவுதான் என்பதை அவள் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் ஒரு வீட்டில் பாதிக் காபியைப் பேசாமல் குடித்துவிட்டு, கொட்டை குடகிலிருந்து வந்தது என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகு, "அதானே, மணமே வேற!" என்று நாக்கைச் சப்புக்கொட்டியது யார் என்று மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.