கச்சிமுகம்மது படகிழுத்த படலம்

புகழனைத்தும் படைத்தவனுக்கே. அவனுக்குரியதை அவனுக்குச் செலுத்திய பின்னும் இந்தக் கரையோரத்தில் ஒரு சிறங்கை புகழ் மிஞ்சிக் கிடக்குமாயின், அதனை அள்ளியெடுத்து, கல்முனைப் பட்டணத்துப் பிளாஸ்டிக் குழாய்க் குலத்தின் கோமானும், ஆயிரம் லீற்றர் நீர்த்தாங்கிகளின் அரசரும், பூப்போட்ட டைல்ஸ்களின் அதிபதியும், கசியும் பைப்புகளைத் தம் பார்வையாலேயே அடக்கவல்ல பேராற்றலரும், கல்முனைக்குடிக் கடற்கரை ஒழுங்கை என்னும் ஒடுங்கிய தெருவின் கண்மணியுமாகிய கச்சிமுகம்மது அவர்களின் தொப்பியின் மேல் சூட்டுவோமாக. வாழ்க அவர் தாடி. வாழ்க அதில் கமழும் அத்தர். வாழ்க அவர் இடுப்பில் எந்நேரமும் தொங்கும் அளவு நாடா. வயது ஐம்பத்து மூன்று, கொஞ்சம் சீனி வருத்தமும் அதற்கு மாத்திரையும் உண்டு.

கடலோசையைக் கேட்டே பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் அதுவரை உப்புநீர் பட்டறியாத அம்மாவீரருக்கு, சென்ற வருடம் திடீரென்று கடல் மீது காதல் பிறந்தது. திருகோணமலையில் ஹோட்டல்காரர் ஒருவர் விற்ற, இருபத்தொன்பதடி நீண்ட மேனியும், ஒன்பதடி விரிந்த மார்பும், பின்புறத்தே இரட்டைப் பிள்ளைகள் போல் தொங்கும் எஞ்சின்கள் இரண்டும், நடுவே கண்ணாடி யன்னல்கள் வைத்த சிற்றறை ஒன்றும் உடைத்தாய, வெண்சங்கு நிறத்துப் பைபர் படகினை அவர் வாங்கினார். படகோட்டத் தெரிந்த இருவரை அமர்த்திக் கடல்வழியே கொணர்வித்தார். ஊர் முழுதும் கூடி நின்று பார்க்க மணலில் ஏற்றுவித்தார். ஏற்றுவதற்கு முப்பது பேர் தள்ளினார்கள், முப்பது பேருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தோ, வாடைக்காற்று வருவதற்கோ இன்னும் இருபதே நாள். வாடை எழுந்தால் நம் கரையில் அலை மணலைத் தின்னும். மணல் தீர்ந்தால் தென்னையைத் தின்னும். பைபர் படகை விட்டுவைக்குமா? சிறு தோணியென்றால் நாலு பேர் தூக்கித் தென்னைக்குப் பின்னால் கவிழ்த்துவிடலாம். இதுவோ மூன்று தொன் எடையுள்ள பேருரு. ஆகவே வீரர் முன்னே இரண்டே வழிகள் விரிந்தன: ட்ரெய்லரில் ஏற்றி, உழவு இயந்திரத்தால் இழுத்து வந்து வீட்டைச் சுற்றிய வளவில் நிறுத்துவது, அன்றேல் தெற்கே பத்து மைல் தள்ளியுள்ள துறைமுகத்தில் மாத வாடகைக்கு ஓர் இடம் பிடித்துக் கட்டிவைப்பது.

ஏழு நாட்கள் இவ்விரு கட்சிகளும் அவருடைய நெஞ்சக் களத்திலே எதிரெதிர் அணிவகுத்து நின்றன. இழுவைக் கட்சியின் முன்னணியில் 'கண்முன்னே நிற்கும்' என்னும் யானைப்படை முழங்கிற்று. அதன் பக்கத்தே 'கிணற்று நீரால் கழுவலாம்', 'வாடகை இல்லை' என்னும் குதிரைப்படைகள் கனைத்தன. துறைமுகக் கட்சியோ, 'போனதும் ஏறி ஓடலாம்', 'காவலுக்கு ஆள் உண்டு', 'ட்ரெய்லர்ச் சில்லை உப்புத் தின்னாது' என்று மும்முனைத் தாக்குதல் தொடுத்தது. இழுவையார் வெகுண்டெழுந்து, 'தண்ணீரிலேயே கிடந்தால் அடியிலே சிப்பி ஒட்டுமே' என்று எறிய, துறைமுகத்தார் தயங்காமல், 'ஒவ்வொரு தரமும் உழவு இயந்திரத்துக்கும் முப்பது பேருக்கும் எங்கே போவாய்?' என்று திருப்பி எறிந்தனர். கடையில் அரை அங்குலக் குழாய் கேட்டு வந்தவருக்கு அந்த வாரம் ஒன்றரை அங்குலக் குழாய் போயிற்று.

அறிவு துறைமுகத்தின் பக்கம் சாய்ந்தது என்பதை வீரரே அறிவார். எனினும் மனம் வளவையே நாடியது, அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நம் கரையில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். கச்சிமுகம்மதுவும் இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பெட்டியும் குடையுமாகத்தான் மனைவி ஸுஹைறாவின் வளவுக்குள் காலடி வைத்தார். அந்த வீடு ஸுஹைறாவுடையது, கிணறு அவருடையது, மூன்று தென்னையும் கொய்யாவும் அவருடையவை, மதிலை எழுப்பியவர் கச்சிமுகம்மதுவே ஆயினும், நின்ற மண் ஸுஹைறாவுடையதாகையால் மதிலும் ஸுஹைறாவுடையதாயிற்று. அந்தக் குடையும் எப்போதோ தொலைந்துபோனது. அந்த மண்ணின் மேல், தனக்கென்று, போவோர் வருவோர் பார்க்கும்படி, பெரிதாக ஒன்று நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். சிரிக்காதீர்கள், ஆசைப்பட்டவருக்கு அது சின்ன ஆசையல்ல.

வளவின் பேரரசியார் மீன் வெட்டிக்கொண்டிருந்த வேளையில் விண்ணப்பம் வைக்கப்பட்டது. அரசியார் கத்தியைக் கீழே வையாமலே ஆணை பிறப்பித்தருளினார்: "கொண்டு வாங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா ஒரு இடத்துல முட்டினாலும் அது துறைமுகத்துக்குத்தான் போகும். பிறகு என்னோட கதைக்கப்படா." அவ்வளவுதான், மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் செதிள் உரிக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் படை புறப்பட்டது. முன்னே செந்நிற உழவு இயந்திரத்தின் மேல், புகையும் முழக்கமும் சூழ, சாரதித் திலகம் றுமைஸ் வீற்றிருந்தான். பின்னே, ட்ரெய்லரின் மேல், கிழக்கு வெயில் பட்டுக் கண் கூசும் பேரழகோடு படகு எழுந்தருளிற்று. முன்னும் பின்னும் ஒழுங்கையார் திரண்டு நடந்தனர், கேபிள் வயர்களைத் தூக்கிப் பிடிக்க நான்கு வீரர் நீண்ட கம்புகளோடு முன்னோடினர், கோழிகள் புறமுதுகிட்டன. நாயகரோ அளவு நாடாவை வாள் போல் ஏந்தி நடுவே நடந்தார். முந்திய நாளே ஒழுங்கையைப் பன்னிரண்டு இடங்களில் அளந்திருந்தார் அவர்: எங்கும் பத்தடிக்குக் குறையவில்லை. வளவின் வாசலான கடப்போ பதினோரடி. ஒன்பதடிப் படகுக்கு இதைவிட என்ன வேண்டும்?

றுமைஸ் மட்டும் இடையில் ஒருமுறை வண்டியை நிறுத்தித் திரும்பி, நாயகரை அண்ணன் முறை வைத்து அழைத்தான். "காக்கா, றபீக்கா ராத்தா வீட்டடியில வளைவு ஒண்டு கிடக்கெலுவா. அதப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் அளந்தாச்சு. வளைவுலயும் பத்தடிதான். நீ எடு" என்று வீரர் முழங்கினார்.

அளந்தது உண்மை. ஆனால் முப்பது வருடமாகக் குழாய் விற்றவர் அவர். குழாய்த் தொழிலில் வளைவு என்பது ஒரு பிரச்சினையே அல்ல. வளைவு வந்தால் குழாயை வெட்டி ஓர் எல்போ போட்டு ஒட்டிவிட்டு மேலே போவார்கள். அகலம் சரியாக இருந்தால் எதுவும் எங்கும் திரும்பும் என்பது அவர் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. றபீக்கா வீட்டடியில் ஒழுங்கை வளைந்தது, படகு வளையவில்லை.

படகின் மூக்கு மின்கம்பத்தை முத்தமிட நான்கு விரல் இருந்தபோது, அதன் பின்புறத்து எஞ்சின், றபீக்காவின் மதில் உச்சியில் பதித்த பூப்போட்ட டைல்ஸை உரசி நின்றது. முன்னே எடுத்தால் கம்பம், பின்னே எடுத்தால் மதில். றுமைஸ் முன்னேயும் எடுத்தான், பின்னேயும் எடுத்தான், ஒடித்தான், மறுபக்கம் ஒடித்தான். எண்பது பேர் எண்பது திசையில் கை காட்டினர். மேல்மாடத்திலே தோன்றிய றபீக்கா நாயகரை நோக்கி, "தம்பி, அது உங்கட கடையில வாங்கின டைல்ஸ்தான். ஒரே மாதிரி இனிக் கிடைக்குமா எண்டு பாத்துப் போட்டு முட்டுங்க" என்று அறிவித்தார். பத்து மணிக்கு உழவு இயந்திரத்தின் முழக்கம் ஓய்ந்தது, றுமைஸ் இறங்கி வியர்வை துடைத்தான்.

ஒழுங்கை இரண்டாகப் பிளந்தது. கடற்கரைப் பக்கத்தார் பட்டணத்துக்குப் போக முடியவில்லை. பட்டணப் பக்கத்தார் வீட்டுக்கு வர முடியவில்லை. பள்ளிவாசலோ அப்பாலே இருந்தது. நண்பகல் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்னே இரண்டு ஏணிகள் வந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அதன் பின் அந்தப் பெருங்கலம் ஒரு பாலமாயிற்று. தொழப் போனவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினர். மீன்காரர் பெட்டியோடு ஏறி, ஏறிய இடத்திலேயே இரண்டு கிலோ சூடை விற்றார். கரையேற்றும்போது தள்ளிய முப்பது பேரும், தள்ளாமல் நின்று பார்த்தவர்களும், ஒருவர் விடாமல் அன்று அதில் ஏறினார்கள். ஏறிய ஒவ்வொருவரும் நாயகரைப் பார்த்து, "நல்ல போட்டுத்தான் மச்சான்" என்று சொல்லிவிட்டே மறுபக்கம் இறங்கினர்.

நாயகர் மட்டும் இறங்கவில்லை. சிற்றறைக்குள்ளே, யன்னலோரத்து இருக்கையில், அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக அமர்ந்திருந்தார். வீட்டுக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும். முட்டிய செய்தி அரசியாரை எட்டியிருக்கும் என்பதும், இனி அந்தக் கடப்பால் எந்த முகத்தோடு நுழைவது என்பதும் அவர் நெஞ்சை அறுத்தன. சோறு தின்னவும் போகவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு.

இரண்டு மணிக்கு ஒழுங்கை அமைதியானது. ஏணியின் உச்சியிலே ஒரு முந்தானையும், அதன் பின்னே ஓர் அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியும் தோன்றின. ஸுஹைறா. வளவுகளின் தலைவி, மதில்களின் மகாராணி, ஏணி என்றாலே தலை சுற்றும் அந்தப் பெருமாட்டி கடைசிப் படியில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. இருபத்து நான்கு வருடத்தில் எந்த வாசலிலும் அவர் கேட்டிராத அனுமதி ஒன்றைக் கேட்டார்:

"வரட்டா?"

இடி இடிக்கவில்லை, முரசு அறையவில்லை. ஆயினும் கச்சிமுகம்மதுவின் காதில் அது முரசாகத்தான் விழுந்தது. அவர் எழுந்தார். அளவு நாடா கையிலிருந்து நழுவிக் கீழே போயிற்று. "வா புள்ள, வா. இஞ்ச இரி" என்று தன் கையால் இருக்கையைத் துடைத்துவிட்டார். ஸுஹைறா விருந்தாளி போலவே ஒடுங்கி அமர்ந்து சுற்றிலும் பார்த்தார். நல்ல காற்று வருகிறது என்றார். சோற்றைப் பிரித்து வைத்தார்.

"இத வளவுக்க கொண்டு வந்து என்ன செய்யப் போறீங்க?"

அவர் கறியைப் பிசைந்துகொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "உன்ட வளவுல எனக்கெண்டும் ஒண்டு நிக்கட்டுமே எண்டுதான்."

"இருபத்து நாலு வருஷமா நீங்க நிக்கிறீங்களே. காணாதா?"

கச்சிமுகம்மது இன்னொரு பிடி சோற்றை வாயில் போட்டார். சூடைக் குழம்பின் ருசியில் தோய்ந்திருந்த அந்த வேளையில், ஞானம் என்னும் பேரொளி அவருள் மெல்ல உதித்தது. வளவுக்குள் சென்றவை எல்லாம் வளவுக்காரியுடையவை ஆயின; மதில் ஆயிற்று; தானும் ஆனார். படகு மட்டும் எப்படித் தப்பும்? கடப்பைத் தாண்டிய மறுநிமிடமே அதுவும் ஸுஹைறாவுடையதாகிவிடும். துறைமுகத்தில் நின்றாலோ அது தன்னுடையது. அங்கே ஸுஹைறா ஏணியில் நின்று, வரட்டா என்று கேட்டே ஏற வேண்டும். வென்றவர் தோற்றவர் போலவும் தோற்றவர் வென்றவர் போலவும் மயங்கும் அரிய களம் அது. அவர் விரலைச் சூப்பிவிட்டு, யன்னல் வழியே தலையை நீட்டி, பெருங்குரலில் பிரகடனம் செய்தார்:

"றுமைஸ், பின்னால எடு. துறைமுகத்துக்குத்தான்."

மாலை அசர்த் தொழுகைக்குப் பின் கரைவலைக்காரர்கள் நாற்பது பேர் வந்தனர். வலை இழுக்கும் அதே ஓசையோடு ட்ரெய்லரின் பின்பகுதியைத் தூக்கி ஒதுக்கி, ஒரு டைல்ஸும் உடையாமல் படகை மீட்டனர். மறுநாட் காலை வெண்சங்கு மேனி நுரை கிழிக்க, இரட்டை எஞ்சின்கள் இடியென ஆர்க்க, தெற்கு நோக்கிச் சென்ற அப்பெருங்கலத்தின் முகப்பிலே, உயிர்காப்பு அங்கி அணிந்து, இரு கையாலும் கம்பியைப் பற்றி, தனக்கென ஓர் அரசு கண்ட பேருவகையோடு நின்றார் கச்சிமுகம்மது. துறைமுகத்தின் பதினேழாம் இலக்க இடம், எல்லைகள் நான்கும் நீராலேயே அமைந்த அத்தனிநாடு, எந்தப் பெண்ணுக்கும் எந்தத் தாயும் எழுதிக் கொடுக்காத அப்பொன்னாடு, அன்று முதல் அவர் ஒருவரின் ஆட்சிக்கே உரியதாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸுஹைறா படகின் யன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொண்டுபோனார்.