இரண்டு கார்புரேட்டர், ஒரு குழாய்

செவ்வாய்க்கிழமை மாலை மிதுனன் காரின் முன்மூடியைத் தூக்கியபோது வெக்கியூம் குழாய் பின் கார்புரேட்டரில் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை அதை முன் கார்புரேட்டரில் பூட்டியதாக அவன் மூளை சொன்னது.

கொப்பியைப் புரட்டினான். மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து எழுதாமல் எதையும் செய்வதில்லை என்பது அவன் கொள்கை. "நாளை: குழாயை மற்றக் கார்புரேட்டருக்கு மாற்றவும்" என்று அவனுடைய கையெழுத்திலேயே, அடிக்கோட்டுடன் இருந்தது.

மூளையா, கொப்பியா? கலியாணத்தன்று மோதிரம் போட வேறு விரலை நீட்டவைத்த மூளை அது. மிதுனன் கொப்பியை நம்பினான். குழாயைக் கழற்றி மற்றதற்கு, அதாவது முன்னதற்கு, மாற்றினான்.

சாவியைத் திருப்ப எஞ்சின் பற்றிக்கொண்டது. பற்றி, காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. நேற்றும் இதே நடுக்கம்தான்.

"குழாயில் பிழை இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று எழுதிக்கொண்டான்.

கார் ஒரு பழைய மொறிஸ் மைனர். வகுப்பின் மூன்றாவது வாரத்தில், மூன்று வாரத்துக்குரிய துணிச்சலில் வாங்கியது. ஒற்றைக் கார்புரேட்டருடன் ஒழுங்காக ஓடி வந்த காருக்கு இரண்டு பூட்டினால் இன்னும் நன்றாக ஓடும் என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டையும் பூட்டிய பிறகுதான் குழாய் ஒன்றே ஒன்று என்பது கண்ணில் பட்டது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவை அந்த மெல்லிய குழாய் வழியே, தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும். அதற்கேற்பத் தீப்பொறி கொஞ்சம் முந்தும், அல்லது பிந்தும். எந்தக் கார்புரேட்டரிலிருந்து அதை எடுப்பது என்பதுதான் இப்போது அவன் வாழ்க்கைப் பிரச்சினை.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குக் கடைசி வகுப்பு. ஆளுக்கொரு திருத்திய பொருளைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் புல் வெட்டும் மெசினும் பனி தள்ளும் மெசினும் கொண்டுவரும்போது, தான் காரிலேயே வந்து இறங்குவதாக ஆசிரியை வேரோனிக்காவிடம் சொல்லிவிட்டான். பகல் முழுவதும் காப்புறுதிப் படிவங்களில் மற்றவர் விட்ட பிழைகளைப் பிடிப்பவன் அவன். தன் கையால் செய்த ஒன்றாவது பிழையில்லாமல் ஓடவேண்டும் என்று ஆசைப்பட்டான்.

மனைவி நிலக்சிக்கு வேறு ஆசை. வெக்ஸ்போர்ட்டில் இருந்த அந்த வீடும் கராஜும் அவளுடைய அம்மா தவமணியுடையவை. அம்மாவின் கார் ஒரு மாதமாக வெளியில் நின்றது.

"வெள்ளிக்கிழமை ஐஞ்சு மணி. அதுக்குள்ளை ஓடினா வைச்சிருங்கோ. இல்லாட்டி விட்பியிலையிருந்து, பழைய கார் பிரிக்கிற யூட்சன் ட்ரக்கோடை வருவான். பார்ட்சுக்கு எடுக்கிறானாம். ஐ'ம் சீரியஸ், மிது."

"மாமி ஏதும் சொன்னவவோ?"

"அம்மா ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்கு வெக்கமாக் கிடக்கு."

தவமணி மாமி ஒன்றும் சொல்லாதவர்தான். ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கார்களுக்குக் கதவு பொருத்தி, போன வருடம் ஓய்வு பெற்றவர். வீட்டில் அவருக்குப் பொழுது போகவில்லை. மாலையில் கராஜ் வாசலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"தம்பி, இண்டைக்கு எழுதியாச்சோ?"

அந்த நக்கல் மிதுனனுக்குச் சுருக்கென்று குத்தும்.

"ஓம் மாமி, எழுதிட்டன்."

"அப்ப நல்லது" என்று உள்ளே போய்விடுவார்.

செவ்வாய் மாலை அவன் எழுதியது: "நாளை: டிஸ்ரிபியூட்டரை நாலு பாகை முந்தத் திருப்பவும்." கொப்பியை வழக்கம்போல எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

புதன்கிழமை வேலையால் வந்ததும் கராஜுக்குள் நுழைந்தான். ஸ்பானர்கள் அளவுப்படி அடுக்கியிருந்தன. எப்போது அடுக்கினோம் என்று யோசித்து, அடுக்கியிருப்போம் என்று முடிவு செய்தான். பிறகு டிஸ்ரிபியூட்டரை அளந்து நாலு பாகை திருப்பி இறுக்கினான்.

ஸ்ராட்டர் முக்கியது, எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. கடைசியில் பற்றிக்கொண்டபோது உள்ளே நாலு பேர் சுத்தியலோடு சண்டை பிடிப்பது போலக் கேட்டது.

நிலக்சி போனோடு ஓடிவந்தாள். "உது இப்பிடித்தான் சவுண்ட் பண்ண வேணுமோ? ஓர் இஸ் இற் டையிங்?"

"நாலு பாகைதான் திருப்பினனான்!"

"நாலுக்கே இப்பிடியெண்டா மிச்சத்தைத் திருப்பாதேங்கோ."

நாலு பாகைக்கு இவ்வளவு சத்தம் வர நியாயமில்லை. எண்ணுவதில் பிழையோ? விரலை மடித்து ஒன்றிலிருந்து நாலு வரை எண்ணிப் பார்த்தான். சரியாகத்தான் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது.

"நாளை: ஆறு பாகை பிந்தத் திருப்பவும்."

"எழுதியாச்சோ தம்பி?"

"ஓம் மாமி."

வியாழக்கிழமை ஆறு பாகை பிந்தத் திருப்பிச் சாவியைப் போட்டான். எஞ்சின் சோம்பல் முறித்தது, இருமியது, பிறகு புகைக்குழாயால் ஒரு வெடி வெடித்தது. குப்பைப் பெட்டியடியில் நின்ற ரக்கூன் பீட்சாத் துண்டைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் யன்னலைத் திறந்து பார்த்து, மரியாதையாக மூடினார்.

மிதுனன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினான். முந்தினால் அடிக்கிறது, பிந்தினால் வெடிக்கிறது, குழாயை மாற்றினால் மாறாமல் நிற்கிறது. கணக்கெல்லாம் சரி. அப்படியென்றால் பிழை கையில்தான். எழுந்து கொப்பியை மீள்சுழற்சிக்கான நீலப் பெட்டிக்குள், பழைய பேப்பர்களோடு எறிந்தான்.

வாசலில் மாமி நின்றார். "தம்பி, இண்டைக்கு எழுதேல்லையோ?"

"இல்லை மாமி. இனி எழுதமாட்டன்."

"ஏன், வேலை முடிஞ்சுதோ?"

"நான் முடிஞ்சன் மாமி."

மாமியின் முகம் ஏனோ வாடிப்போனது. அப்படியே உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மிதுனன் கடைசி முறையாகக் கராஜுக்குள் போனான். வாசிக்க ஒன்றும் இல்லை என்பதால் முதல் தடவையாக எஞ்சினைப் பார்த்தான். ரோச்சடித்து, குழாய் பூட்டும் துளைகள் இரண்டையும் உற்றுப் பார்த்தான். முன் கார்புரேட்டரின் துளை, காற்றை அடைத்துத் திறக்கும் தகட்டுக்கு அப்பால், எஞ்சின் பக்கம் இருந்தது. கார் சும்மா நிற்கும்போதும் அது உறிஞ்சும்; தீப்பொறி வீணாக முந்தும். பின்னதன் துளை தகட்டின் விளிம்பில், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

முன் துளைக்கு ரப்பர் மூடி போட்டான். குழாயின் வாயை, இனி எழுத வேலையில்லாத பேனையால் அடைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் சீராகும்வரை டிஸ்ரிபியூட்டரைக் காதாலேயே கேட்டுத் திருப்பி இறுக்கினான். பிறகு குழாயைப் பின் கார்புரேட்டரில் பூட்டினான்.

மொறிஸ் மைனர் பூனை போல உறுமிக்கொண்டு நின்றது. நடுக்கம் இல்லை, அடி இல்லை, வெடி இல்லை.

ஐந்து மணிக்கு வந்த யூட்சன் ட்ரக்கை விட்டு இறங்கி, காது கொடுத்துக் கேட்டான். "என்ன ப்ரோ, ஓடுற காரைப் பிரிக்கவோ என்னைக் கூப்பிட்டனீங்கள்? நான் வீட்டை போறன்."

நிலக்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஓ மை கோட், மிது. எப்பிடி?"

மிதுனனுக்கு ஓரடி உயர்ந்துவிட்டது போல இருந்தது. "என்ர கையிலை ஒரு பிழையும் இல்லை, நிலா. இவ்வளவு நாளும் அந்தக் கொப்பிதான் என்னைக் குழப்பினது. இனிமேல் கையை மட்டும்தான் நம்புவன்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தப் போனபோது தவமணி மாமி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். செய்யாத வீட்டுப்பாடத்துக்குப் பேச்சு வாங்கப்போகும் பிள்ளையின் முகம்.

"தம்பி, கோவிக்காதேங்கோ, நேற்று நீங்கள் ஒண்டும் எழுதி வைக்கேல்லை, அதாலை இண்டைக்கு நான் ஒரு வேலையும் செய்யேல்லை, மற்ற நாளெல்லாம் நீங்கள் வேலைக்குப் போன கையோடை, எழுதிக் கிடந்தபடி ஒண்டும் விடாமல் செய்து வைச்சனான்தானே."