பண்டிகை அண்ணன் கேட்காத லீவு

ஒரு மனிதர் கடவுளை நம்பிவிடக் கூடாது என்று கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் ஒரே மூச்சாக வேண்டிக்கொள்ளப்பட்டது என்றால், உலகத்திலேயே அது எங்கள் நெய்வேலி பண்டிகை அண்ணன் ஒருவருக்காகத்தான். நானே வேண்டியிருக்கிறேன். பிள்ளையாருக்குச் சிதறுகாய் நேர்ந்துகொண்டு, 'இந்த ஆள் உன்னை நம்பாதபடி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று கேட்டிருக்கிறேன். பிள்ளையார் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. காய் நன்றாகத்தான் சிதறியது.

விஷயம் இதுதான். மைன்ஸில் பழுப்பு நிலக்கரி வெட்ட வேண்டுமானால், அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் தண்ணீரை இருபத்து நான்கு மணி நேரமும் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீருக்குத் தீபாவளியும் தெரியாது, கிறிஸ்துமஸும் தெரியாது. நாங்கள் பம்ப் ஆபரேட்டர்கள். மூன்று ஷிப்டு. எங்களில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பண்டிகை இருந்தது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் மற்ற அத்தனை பேர் பண்டிகைக்கும் டியூட்டி பார்த்தார். ஆகவே பண்டிகையே இல்லாதவருக்குப் பண்டிகை என்று பெயர் வந்தது. அவர் மனைவியே, 'பண்டிகை சாப்பிட வரலாம்' என்றுதான் கூப்பிடுவார் என்று கேள்வி.

பம்ப் ஹவுஸ் சுவரில் ஒரு காலண்டர் அட்டை தொங்கும். தீபாவளி, பொங்கல், புனித வெள்ளி, ரம்ஜான் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே லீவு வேண்டியவர் பெயரைப் பென்சிலால் குறித்திருப்பார். காரணம் கேட்க மாட்டார். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. லீவு முடிந்து திரும்பி வருகிறவன், முன்பின் தெரியாத யாருக்காவது ஓர் உபகாரம் செய்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். கரீம் பாய் எல்லாம் ஆஸ்பத்திரியில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். நானும் ஒருமுறை போனேன். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, ரத்தம் கொடுக்க வந்தவனுக்குக் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். அண்ணனிடம் வந்து சொன்னேன்.

"பரவால்ல. அந்த நர்ஸம்மாவுக்கு ஒரு வேலை குடுத்தியே, அதுவே உபகாரம்" என்றார்.

அவர் சைக்கிளில் தொங்கும் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் எப்போதும் கண் தானப் படிவங்கள் இருக்கும். சாமி இல்லை என்று யாரிடமும் வாதாடி நான் பார்த்ததில்லை. நம்மைக் கண்டதும் படிவத்தை நீட்டுவார், அவ்வளவுதான். நான் வருஷக் கணக்காகத் தப்பித்துக்கொண்டு திரிந்தேன். பேனா இல்லை என்பேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்பேன். நான் கண்ணாடியே போடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கண்ணைக் குடுத்துட்டு, அடுத்த ஜென்மத்துல கண்ணு தெரியாமப் பொறந்துட்டா என்னண்ணே பண்றது?"

"இந்த ஜென்மத்துல கண்ணு வெச்சிக்கினே நீ கேஜ் பாக்கறதில்ல. அடுத்த ஜென்மத்துல எதைப் பாக்கப் போற?"

கேஜ் என்றால் பம்பின் அழுத்தம் காட்டும் முள். மணிக்கு ஒருமுறை அதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நான் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஷிப்டு தொடங்கும்போதே எழுதிவிடுகிற கெட்டிக்காரன். அவரோ ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போய், முள்ளுக்கு முன்னால் நின்று, பார்த்து, எழுதுவார். ஒருநாள் கேட்டேன், யாருமே பார்க்காத இடத்தில், மேலே பார்க்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையும் இல்லாமல், இவ்வளவு ஒழுங்காக இருந்து என்ன லாபம் என்று.

"மேல யாரும் இல்லன்னுதானப்பா பாக்கறேன். கீழ ஆளுங்க வேலை செஞ்சிகினு இருக்காங்க இல்ல?"

அன்றைக்கு நான் எட்டு ரீடிங்கும் நேரில் போய்ப் பார்த்தேன். மறுநாள் பழையபடி ஆகிவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில், ஒரு பங்குனி உத்திரத்தன்று எங்களில் ஒருவனான அந்தோணி ஸ்கூட்டரை ஸ்டாண்டு கூடப் போடாமல் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். முருகன் கோயில் வழியாக வந்தானாம். அண்ணன் உள்ளேயிருந்து வெளியே வந்தாராம். கையில் விபூதியாம். அந்தோணிக்கு அடுத்த வாரம் ஈஸ்டர். கரீம் பாய்க்கு ரம்ஜான் தூரத்தில் இருந்தாலும் முகம் இப்போதே வாடிவிட்டது. எனக்குத் தீபாவளி, பொங்கல், ஆடிக் கிருத்திகை, மச்சினன் ஊர்த் திருவிழா என்று எல்லாமே கண் முன்னால் வந்து போயின. மூன்று பேரும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனோம்.

கரீம் பாய் மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணே, ஒடம்பு, மனசு எல்லாம் பழையபடிதானே இருக்கு?"

"ஏன், எனக்கு என்னா?"

"இல்ல, திடீர்னு சாமி கீமின்னு..." என்று இழுத்தான் அந்தோணி.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரிட்டயர்டு டீச்சருக்கு நடக்க முடியாது. கூட்டத்துக்குப் பயந்து மூன்று வருஷமாக உத்திரம் பார்க்கவில்லை என்று அழுதிருக்கிறார். இவர் சக்கர நாற்காலியில் வைத்து, கூட்டத்தை விலக்கி, சந்நிதி வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

"அப்ப அந்த விபூதி?"

"ஐயரு குடுத்தாரு. வேணான்னா அவரு மனசு நோவும் இல்ல? வாங்கி டீச்சர் நெத்தில வெச்சிட்டேன்."

அந்தோணி 'மாதாவே' என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். ஒருவர் நாத்திகராகவே நீடிப்பதற்காக நன்றி சொல்லிப் போடப்பட்ட சிலுவை அது ஒன்றாகத்தான் இருக்கும். ஆப்பிளை அண்ணன் டீச்சருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த வருஷம் நான் பெர்மனென்ட் ஆனேன். ஆன மாதமே எனக்குப் பெண்ணும் கிடைத்தது. கான்ட்ராக்டில் இருந்தவரை என் ஜாதகத்தில் இருந்த அத்தனை தோஷமும் ஆர்டர் கைக்கு வந்த அன்றே நிவர்த்தி ஆகிவிட்டது. பெண் நெல்லிக்குப்பம். மாமனாருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. அந்த வருஷம் எனக்குத் தலை தீபாவளி. அன்றைக்கு எனக்கு பி ஷிப்டு, பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. ஆடி மாதமே அண்ணனைப் பிடித்து அட்டையில் பெயரை ஏற்றிவிட்டேன்.

"போய்ட்டு வா. மாமனார் மோதிரம் போட்டா வெரல நீட்டிக்கினே திரியாத, கேஜ் நோட்டு எழுத முடியாது" என்றார்.

அதற்கப்புறம்தான் அவர் மகளுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. ஒரே மகள், நர்ஸ். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. இருவரும் தாங்களே பார்த்துக்கொண்டது. ஐயர் இல்லை, அக்னி இல்லை, முகூர்த்தம் இல்லை. உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக் கையெழுத்துப் போடும் சுயமரியாதைத் திருமணம். தீபாவளிக்கு மறுநாள், கம்யூனிட்டி ஹாலில். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்தது. மகள் முதல் ஊசி போட்ட கதையை அந்த ஒரு மாதத்தில் எனக்கே நாற்பது தடவை சொல்லியிருப்பார். ஊசி என்றதும் நானும் நாற்பது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

தலை தீபாவளி வந்தது. எண்ணெய்க் குளியல், பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, மோதிரம். மதியம் இலையில் மட்டன் குழம்பு. மாமனார் எதிரே உட்கார்ந்து, நான் விழுங்குவதை மில்லில் கரும்பு போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மணி இரண்டேகால். செல்போன் சிணுங்கியது. எங்கள் செக்ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் கரீம் பாய் ஒரு செய்தி போட்டிருந்தார். அண்ணன் மகளைக் கட்டப்போகிற மாப்பிள்ளையின் லீவை நேற்றுச் சுருக்கிவிட்டார்களாம். மூன்று மணிக்குத்தான் வந்து சேருகிறார், நாளை விடிவதற்குள் திரும்ப வேண்டும். ஆகவே கல்யாணம் இன்றே நான்கு மணிக்கு. எல்லாரும் வரவும்.

எடுத்த கறித்துண்டை இலையிலேயே வைத்தேன். இன்று நான்கு மணிக்கு அண்ணன் எங்கே இருப்பார் என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். கையைக் கழுவாமலே போன் போட்டேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பம்ப் ஹவுஸ்ல. வேற எங்க?"

"பொண்ணுக்குக் கல்யாணம்ணே."

"தெரியும்பா. பொண்ணு குடுக்கறதுன்னு ஒண்ணு நம்ம கல்யாணத்துல கெடையாது. அவங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா முடிஞ்சிச்சி. உங்க அண்ணிதான் காலைலேர்ந்து திட்டிகினு இருக்கா."

"அந்தோணிய வரச் சொல்றதுதானே?"

"புள்ளைக்கு ஜுரம். ராத்திரி பூரா முழிச்சிட்டு ஏ ஷிப்டும் பாத்துட்டுப் போறான். பாய் நைட்டுக்கு வரணும்."

"நேத்தே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

போனில் ஸ்பானர் எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒத்துக்கினேன் இல்ல? நீ சொன்ன சொல்லு தவறினா கோயிலுக்குப் போய்த் தேங்கா ஒடைப்ப. அந்தோணி சாமியார்கிட்ட மண்டி போடுவான். நான் யார்கிட்டப்பா போறது? உன்கிட்டதான் வந்து நிக்கணும். நீ அங்க மாமனார் வூட்ல சாப்புட்டுகினு இருக்க. வை, மூணு மணி ரீடிங் எடுக்கறதுக்குள்ள வால்வு ஒண்ணு பாக்கணும்."

நான் எழுந்தேன். மாமனார் அதிர்ந்து போனார். தலை தீபாவளி மாப்பிள்ளை பாதி இலையில் எழுந்து டியூட்டிக்குப் போகிறேன் என்றால் எந்த மாமனார்தான் நம்புவார்? குழம்பில் என்ன குறை என்று மாமியார் பக்கம் திரும்பி முறைத்தார். என் மனைவி மட்டும் நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். கல்யாணமாகி நான்கு மாதத்தில் என்னைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"போங்க. லீவு நாள்லயாச்சும் ஒரு நாள் ஒழுங்கா வேல செய்யுங்க" என்று மாமனாரின் பைக் சாவியை என் கையில் வைத்தாள்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பண்ருட்டி வழியாகப் பறந்தேன். வழி நெடுகப் பசங்கள் சாலையிலேயே வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லட்சுமி வெடிக்குப் பயந்து நான் போட்ட கூச்சலில் அந்தப் பையன்கள்தான் பயந்துவிட்டார்கள். பம்ப் ஹவுஸ் வாசலில் இறங்கும்போது மூன்றரை தாண்டியிருந்தது.

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தோஷப்பட்டுக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "மட்டன் தின்னுட்டு வந்திருக்க. தூங்க மாட்டியே?" என்றார். தூங்க மாட்டேன் என்றேன். ஹெல்மெட்டும் ஷூவும் போட வைத்தார். ஷிப்டு இன்சார்ஜுக்குப் போன் செய்து ஆள் மாறுவதைச் சொன்னார். நோட்டை என் கையில் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், மூன்று மணி ரீடிங்குக்குக் கீழே மூன்றேகாலுக்கும் மூன்றரைக்கும்கூட ரீடிங் எழுதி வைத்திருந்தார். அத்தனை நேரமும் ஆசையை அடக்கிக்கொண்டு அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கிரீஸ் படிந்த சட்டையோடு சைக்கிளை எடுக்கப் போனவரை நிறுத்தி, என் பட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவருடையதை நான் போட்டுக்கொண்டேன். பைக் சாவியையும் கொடுத்தேன். அவர் ஒல்லி. என் மாமனார் எடுத்த சட்டைக்குள் காற்று புகுந்து, பைக்கில் ஒரு பட்டுப் பலூன் போவதுபோல் இருந்தது.

அப்புறம் நடந்ததைக் கரீம் பாய் சொல்லித்தான் அறிந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். அண்ணனால் பண்டிகை கொண்டாடியவர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் ஹாலுக்குள் போகவில்லை. புதுத் துணியில், கையில் பரிசோடு, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் வந்து பைக்கை நிறுத்தி அவர்களைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே போய் மகளிடமும் மருமகனிடமும் அரை மணி நேரம் பொறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

மகளுக்குக் கோபம். "என்னப்பா, நீங்களே ராகு காலம் பாக்கறீங்களா?"

"நான் பாக்கலம்மா. பாக்கறவங்களைப் பாக்கறேன். அவங்க பயந்துகினு வெளிய நிக்கறப்ப நாம உள்ள கை தட்டிக்கினா நல்லாவா இருக்கும்?"

நாலு முப்பத்தொன்றுக்குக் கூட்டம் உள்ளே பாய்ந்தது. உறுதிமொழி படித்து, மாலை மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் அழுதாராம். பட்டுச் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டாராம். மாமனார் மஞ்சள் வைத்துக் கொடுத்த சட்டை. மறுநாள் காலையில் அண்ணன் நல்ல நேரம் பார்த்துத்தான் கல்யாணம் நடத்தினார் என்று பிளாக் முழுக்கப் பேச்சு. நாங்கள் மூன்று பேரும் மறுபடியும் ஆப்பிள் வாங்கலாமா என்று யோசித்தோம்.

அந்த ஷிப்டில் நான் எல்லா ரீடிங்கும் நேரில் பார்த்து எழுதினேன். ஏழு மணிக்கு டிபன் கேரியரில் கல்யாணச் சாப்பாட்டோடு அண்ணன் வந்தார். நீ போ, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இது என் ஷிப்டு என்றேன். வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நோட்டைப் புரட்டி, என் கையெழுத்தைப் பார்த்து, வடையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

சட்டை துவைத்து, இஸ்திரி போட்டுத் திரும்பி வந்தது. பாக்கெட்டில் கை விட்டேன். ஒரு கண் தானப் படிவம். கூடவே ஒரு பேனாவும்.

அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். அட்டை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பென்சிலை எடுக்கும்போதெல்லாம், எனக்கான பண்டிகைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருவதைக் கவனிக்கிறேன். சாமி நம்பிக்கை குறையவில்லை. இப்போதும் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பிள்ளையார் முன்னால் நிற்கிறேன். அந்த ஆளை இப்படியே வைத்திரு என்று அவருக்காக ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.