வடக்கு என் இடுப்பில் இருந்த நாள்

கற்றுக்கொண்டதை உடனே யாருக்காவது கற்றுத் தராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இது ஒரு வியாதி. (எங்கள் ஏரித்தீவான பசியாவரத்தில் இதற்கு மருந்து இல்லை.)

அப்போது பழவேற்காட்டு ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் படகொன்றில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். மாலுமி திசைகாட்டிப் பெட்டியைப் பார்த்துப் பார்த்துப் படகை ஓட்டுவார். இரண்டு மாதம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததில், அந்தப் பெட்டியையே நான்தான் கண்டுபிடித்தது போல ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அந்தத் தை மாதம் அக்கா மகனுக்கு மலைக்கோயிலில் மொட்டை. குழந்தை கடுங்காய்ச்சலில் பிழைத்ததற்கான வேண்டுதல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, உச்சிப்பொழுதுக்குள் முதல் முடி இறக்க வேண்டும். தவறினால் மறுபடி காய்ச்சல் வந்துவிடுமோ என்று அக்கா உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். வழி தெரிந்த ஆரம்பாக்கத்து ஆளைக் கூட்டிப் போகலாம் என்றார் அக்கா புருஷன். நான் விடவில்லை. மாலுமியிடம் கெஞ்சிப் பெட்டியையும் ஒரு வரைபடத்தையும் இரவல் வாங்கி வந்தேன்.

ஏரியைக் கடந்து ஆரம்பாக்கத்துப் பக்கம் இறங்கியபோது ஒரே பனி. மலையைக் காணோம். இறங்கி நாலடி நடந்ததும் ஏரியையும் காணோம். பூநாரைகளின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. உலகத்தைப் பாலில் கரைத்துவிட்டது போலிருந்தது. அக்கா, மாமா, பங்காளிகள் நாலு பேர், மொட்டையடிக்க வந்த நாவிதர், எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பாடம் ஆரம்பித்தேன்.

"மலை மேற்கால கீது. முள்ளுல பூப்போட்ட முனை வடக்கு. அது நம்ம வலது கைப்பக்கம் நின்னா மூக்குக்கு நேரா மலை. புரிஞ்சுதா?"

"இன்னா மச்சான், படத்துல தரைப்பக்கம் வெறும் வெள்ளையா கீது?" என்றார் மாமா.

"மேடு பள்ளம் இல்லேனு அர்த்தம் மாமா."

(அது கடலோடிகளின் படம். தரையை வரைய அவர்கள் மெனக்கெடவேயில்லை.)

குழந்தையைத் துணியில் கட்டி என் வலது இடுப்பில் தொங்கவிட்டாள் அக்கா. காத்து கருப்பு அண்டாதிருக்க ஒரு பெரிய இரும்புப் பாக்குவெட்டியையும் அதோடு செருகினாள். பெட்டியைப் பக்கத்திலேயே ஏந்திக்கொண்டு நடந்தேன். முள் வலப்பக்கமே நின்றது. நான் எப்படித் திரும்பினாலும் அசையாமல் வலப்பக்கமே நின்றது. இவ்வளவு சரியாக வழிகாட்டிய மனிதன் வேறு எவனும் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக்குள் நடந்துகொண்டே இருந்தோம். காலடியில் உப்புப் படிந்த மண் மெதுவாக நொறுங்கியது. குழந்தை தூங்கியது. பேசினால் பனி கலைந்துவிடும் என்பது போல யாரும் பேசவில்லை. என் ஆயுளில் அத்தனை நிம்மதியாக நான் நடந்ததில்லை. வழியில் காலடித் தடங்கள் தெரிந்தன.

"பாத்தியாக்கா, நமக்கு முன்னாடியே சனங்க போயிருக்குது. வழி சரிதான்."

கொஞ்ச நேரத்தில் தடங்கள் இரண்டு மடங்காயின. எனக்கு இரண்டு மடங்கு பெருமை. மூன்றாவது தடவை தடங்கள் எதிர்ப்பட்டபோது நாவிதர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"நைனா, இது நான் துப்புன வெத்தலை."

அக்கா குழந்தையைத் துணியோடு வாங்கிப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். என் கையிலிருந்த முள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது. நான் இடம் மாறி நின்றேன். மறுபடி அவளையே பார்த்தது. காலையிலிருந்து முள் காட்டியது வடக்கையல்ல, பாக்குவெட்டியை.

பனி விலகியது. எதிரே எங்கள் படகு. மலை, பின்னால் வெகுதூரத்தில், சுண்டுவிரல் உயரத்தில் நீலமாக இருந்தது. சூரியன் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தான். அக்கா மலையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், அழ ஆரம்பித்தாள். எனக்கு அந்த ஏரியிலேயே முங்கிவிடலாம் போலிருந்தது.

"தப்பு என்னுதுதாங்கா" என்றேன்.

நாவிதர்தான் கத்தியைத் தீட்டினார். "மலை தெரியுதில்ல? அதப் பாத்த மாதிரி குந்து நைனா. அங்கேர்ந்து முருகனுக்குத் தெரியாதா இன்னா?"

குந்தினேன். என் மடியில் முதல் முடி இறங்கியது. அதை மஞ்சள் துணியில் முடிந்து மறுவாரம் மலைக்குக் கொண்டுபோனார்கள். ஆரம்பாக்கத்து ஆள் முன்னால் நடந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நான் கடைசியில் நடந்தேன்.

காய்ச்சல் திரும்பி வரவேயில்லை. அவன் இப்போது மீசை வைத்த ஆள், இதே ஏரியில் படகு ஓட்டுகிறான். பனிக்காலையில் யாராவது வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டால் போதும், அக்கா அடுப்பை விட்டு எழுந்துவந்து மகனைக் காட்டுவாள்.

"தோ, குந்திகினு கீறானே, இவன்தான் வடக்கு. எந்தம்பி பொட்டி வச்சுப் பாத்து சொல்லிகீறான்."