ஆகாயத்தில் பந்தி விசாரித்த வரலாறு

நீடாமங்கலம்.

ஜெர்மனியில் இருக்கும் அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அப்பா ரெத்தினம் எழுதுவது. இங்கே நாங்களும் மாடு கன்றுகளும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி சேரன் இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். தை மாசம் பிரசவத்துக்கு அம்மாவோடு நீங்களும் வாங்கப்பா என்று கேட்டாய். அம்மா வருவாள். நான் வரமாட்டேன். கோபம் ஒன்றுமில்லை. விமானம் என் உடம்புக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

போன சித்திரையில் உன்னைப் பார்க்கக் கிளம்பியபோது தஞ்சாவூர் டாக்டர் என்ன சொன்னார்? காலில் இறுக்கமான சாக்ஸ் போடு, தண்ணி நிறைய குடி, அப்பப்ப எழுந்து நட. மூன்றையும் மறக்காமல் செய்ததுதான் நான் செய்த தப்பு. அந்தச் சாக்ஸை நானும் உன் அம்மாவும் சேரனும் சேர்ந்து இழுத்தும் ஒரு காலில்தான் ஏறிச்சு. மறு கால் இறங்கும்போது பூசணிக்காயாகிச் செருப்புக்குள் நுழையவில்லை. சன்னல் பக்கம் உன் அம்மா, நடைபாதைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், நடுவில் நான். நான் தண்ணி குடிக்கக் குடிக்க அவர் எழுந்து எழுந்து வழிவிட்டார். பாவம், டாக்டர் எனக்குச் சொன்ன நடையில் பாதி அந்த மனுஷனுக்குத்தான் கிடைச்சுது.

சரி, நடப்போம் என்று நான் கிளம்பிய நேரம் பார்த்துச் சாப்பாடு வந்தது. நம்ம ஊரில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரிக்கிறது நான்தான் என்று உனக்கே தெரியும். ரெண்டு பக்கமும் வரிசையா ஜனங்க உட்கார்ந்து சாப்பிடும்போது நடுவில் சும்மா எப்படிம்மா நடக்கிறது? கை தானாகப் பின்னால் கட்டிக்கொண்டது, வாய் தானாகக் கேட்டது. கூச்சப்படாம சாப்பிடுங்க என்றேன். திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவர், அண்ணே எனக்குத் தயிர் வரலை என்றார். போதாதா? நேரே பின்கட்டுக்குப் போய்த் தயிரும் நாலு ரொட்டியும் வாங்கிவந்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வைத்தேன். வண்டி தள்ளிவந்த பெண்ணை, இந்த வரிசையை விட்டுட்டியேம்மா என்று திருப்பி அனுப்பினேன். கடைசியில் தலைமைப் பணிப்பெண் வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். டாக்டர்தான் நடக்கச் சொன்னார் என்றேன். திருக்காட்டுப்பள்ளிக்காரர்தான் விளக்கினார்.

"அண்ணே, நீங்க நடக்கலாமாம். விசாரிக்கத்தான் கூடாதாம்."

உட்காரவைத்து பெல்ட்டையும் போட்டுவிட்டார்கள். விசாரிக்கிறவன் கடைசிப் பந்தியில்தானே சாப்பிடணும் என்று நான் காத்திருக்க, அங்கே கடைசிப் பந்தியே கிடையாதாம், தட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. பட்டினியாக இறங்கும்போது காது ரெண்டும் அடைச்சுப்போச்சு. நீ கூப்பிடக் கூப்பிட நான் உன்னைத் தாண்டிப் போனது அதனால்தான், திமிரால் இல்லை. தான் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை என்று உன் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

ஆகவே என்னை மன்னித்துவிடு. தையில் அறுப்பு வேறு இருக்கிறது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயும் நூறு வயசு இருங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அப்பா ரெத்தினம்

பின்குறிப்பு: உன் மாமியார் ஆனந்தவல்லி அம்மாளும் பிரசவத்துக்கு வருகிறார்களாமே, சேரன் இப்போதுதான் சொன்னான். பிறந்த பிள்ளை நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணி தொட்டுவைக்கிறவங்க குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சம்பந்தியம்மா தங்கமானவர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. அறுப்பைச் சேரன் பார்த்துக்கொள்வான், எனக்கும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். நான் வந்து இறங்கும்வரை சர்க்கரை டப்பாவை ஒளித்து வை. வலி முன்னாடியே எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள் கண்ணு, அப்பா வந்துடுறேன்.