கண்டக்டர் மகாராஜனை நடக்க வைக்கும் திட்டம்

சங்கரன்கோவில்,
வியாழன் மாலை.

அன்புள்ள அக்கா பொன்செல்விக்கு, தம்பி லிங்கேஷ் எழுதுவது.

இங்கே நான் நலம். அங்கே நீ, அத்தான், பிள்ளை, பிள்ளையைக் குளிப்பாட்டப் போய் ஐந்து மாதமாக உங்களோடு இருக்கும் அம்மா எல்லோரும் சௌக்கியமாக இருக்க கோமதியம்மன் துணை நிற்கட்டும். அப்பா நலமா என்பது நாளைக் காலை லேபில்தான் தெரியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நல்லாருக்கேன் தாயி, நல்லா நடக்கேன்" என்று பச்சைப் பொய் சொல்கிறார். அதனால்தான் இந்த மெயில். அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.4 வந்தது உனக்கு நினைவிருக்கும். "மூணு மாசம் டைம் தாரேன், தினம் நடங்க. எட்டுக்குக் கீழ வரலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார் டாக்டர். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பஸ் கூரை மேல் ஏறினவர்களைக்கூட அதட்டி இறக்கின மனுஷன், ஊசி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தடுப்பூசி போட டெப்போவுக்கு நர்ஸ் வந்த அன்றைக்கு ஒரு பழைய பஸ்ஸின் பின் சீட்டுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். எனக்கும் மனசு கேட்கவில்லை. எப்படியாவது நடக்க வைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் நீ ஷெஃபீல்டிலிருந்து அந்தப் படங்களை அனுப்பினாய். பஸ் ஏறிப் போவது, ஏதோ ஒரு பழைய ஊரில் இறங்கிக் கோயிலைப் பார்ப்பது, ஆற்றோரமாக அடுத்த ஊர்வரை நடப்பது, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வருவது. "அப்பாவுக்கு பஸ்னா உயிர், இதே மாதிரி நம்ம ஊர்ல பண்ணுலே" என்று எழுதியிருந்தாய். நானும் சர்வே படித்தவன் என்கிற திமிரில் சாட்டிலைட் படத்தை எடுத்து, வண்டிப்பாதை, வாய்க்கால் கரை, ஆற்று மணல் எல்லாவற்றையும் குறித்து, மூன்று பாதைக்கு மேப் போட்டேன். கரிவலம்வந்தநல்லூர் ஒன்று, பனவடலிசத்திரம் ஒன்று, சிவகிரி ஒன்று. பஸ் நேரம் எழுதி, தூரம் எழுதி, நிழல் எங்கே இருக்கிறது என்பதுகூடக் குறித்துக் கலர் பிரிண்ட் எடுத்தேன். ஒன்றே ஒன்றைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. உன் ஊர் பஸ்ஸில் உன் அப்பாவை யாருக்கும் தெரியாது.

முதல் ஞாயிறு கரிவலம். பஸ்ஸில் ஏறினவர் உட்கார வேண்டாமா? "உள்ள போங்க, உள்ள போங்க, படியில என்ன வேடிக்கை?" என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் பாவம், என் வயசுதான் இருக்கும். "அண்ணாச்சி, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். "நீ டிக்கெட்டக் குடு, கூட்டத்த நான் பாக்கேன்" என்கிறார் இவர். இறங்கி, பால்வண்ணநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், டீக்கடை குருசாமி அண்ணாச்சி கையில் டம்ளரோடு நிற்கிறார். டிரைவர் கண்டக்டருக்கு என்று அந்தக் கடையில் ஒரு ஸ்பெஷல் காபி உண்டாம், சீனி இரண்டு மடங்காம், ரிட்டயர் ஆனாலும் மரியாதை மாறாதாம். அப்பா வாங்கி ஒரே இழுப்பில் குடித்துவிட்டார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "அண்ணாச்சி, இது காபி இல்ல, விஷம். இவருக்குக் காலை எடுக்கும்படி ஆனா நீங்களா வந்து தூக்கிட்டுப் போவீங்க?" என்று கேட்டேன். கேட்டதில் என்ன தப்பு? நியாயம்தானே? குருசாமி அண்ணாச்சி டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார்.

சரி, போகட்டும் என்று ரோட்டில் நூறு மீட்டர் நடந்திருப்போம். ரசூல் பாய் டிவிஎஸ்ஸில் வருகிறார். ஊர் ஊராகப் பிளாஸ்டிக் குடம் விற்கிறவர், நிட்சேப நதிக்கரையில் வீடு. நம்ம பக்கத்துக் கிறுக்குத்தனம் உனக்குத் தெரியும், ரோட்டில் ஒருவர் நடந்து போவதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனால் அது பாவம். "கண்டக்டர் அண்ணாச்சி நடந்து போறதா, அதப் பாத்துட்டு நான் வண்டியில போறதா? ஏறுங்க!" என்றார். "நாங்க நடக்கத்தான் வந்திருக்கோம் பாய்" என்றேன். "ஏன், பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்றார். நடப்பதற்காகவே ஒருத்தன் நடப்பான் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. அதற்குள் அப்பா குடங்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "வண்டியில ஏத்துறவங்கதான் அவருக்கு ஊசி குத்துறவங்க! கொலை பண்ணுதீங்க பாய்!" என்று பின்னாலேயே கத்தினேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மிச்ச நாலரை கிலோமீட்டரும் குடையோடும் மேப்போடும் நான் மட்டும் நடந்தேன். உன் ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, இங்கே கருவேலமுள்ளுக்குப் பயந்து நான் ஓடினேன். அன்றைக்கு அப்பாவின் போனில் பதிவான நடை: நானூற்றுப் பன்னிரண்டு காலடி. அதில் பாதி பஸ்ஸுக்குள்ளே நடந்தது.

அடுத்த ஞாயிறு பனவடலிசத்திரம். அங்கே வேறு கூத்து. புஞ்சைக் காட்டுப் பாதையில் நான் ஜிபிஎஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு நடக்க, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கோமதித்தாய் அம்மா கம்போடு வந்து குறுக்கே நின்றார். "ஏலே, யாரக் கேட்டு எங்க காட்ட அளக்க? சோலார் கம்பெனிக்காரனா? ரோடு போடப் போறியா?" "சும்மா நடக்கோம்மா" என்றேன். "சும்மா நடக்கவனுக்குக் கையில எதுக்கு மிஷினு?" என்றார். மேப்பைக் காட்டினேன். அதில் அவர் காடு பச்சை நிறத்தில் இருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மறுநாள் பட்டா நகலோடு கலெக்டரைப் பார்க்கப் போவேன் என்கிறார். வெயிலில் எனக்குப் பொறுமை போயிற்று. "உங்க காட்ட இனாமாக் குடுத்தாக்கூட எந்தக் கம்பெனிக்காரனும் வாங்க மாட்டான்!" என்று சொல்லிவிட்டேன். மண்ணின் தரத்தை வைத்துப் பார்த்தால் அது உண்மையும்கூட. ஆனால் அந்த அம்மா முகம் சுருங்கிப் போனது. கம்பைக் கீழே போட்டுவிட்டு ஆடுகள் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாயை நீட்டுகிறவனை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

அதோடு முடிந்தது உன் திட்டம். அடுத்த பத்து ஞாயிறும், "முழங்கால் வலிக்குலே, நீ போயிட்டு வா" என்று பத்து மணி வரைக்கும் படுத்தே கிடந்தார். பத்து வாரமும் நான் மட்டும் நடந்தேன். எனக்குச் சர்க்கரையே கிடையாது! வாரநாளில் நான் எட்டு மணிக்கு ராஜபாளையம் சைட்டுக்குப் போனால் வீடு திரும்ப ஏழாகிவிடுகிறது. அவர் போனை எடுத்துப் பார்ப்பேன். திங்கள் தொண்ணூறு காலடி. செவ்வாய் எழுபத்தாறு. புதன் தொண்ணூற்றிரண்டு. பத்து வாரத்துக்கும் எக்ஸெலில் போட்டு கிராஃப் எடுத்து வைத்திருக்கிறேன், இதோடு இணைத்திருக்கிறேன், பார். டேட்டா பொய் சொல்லாது. உன் அப்பா சொல்வார்.

இதில் வீட்டில் பொருளும் நிற்கவில்லை. நடப்பதற்கென்றே நான் வாங்கிக்கொடுத்த செருப்பு அடி தேய்ந்து கிடக்கிறது. கேட்டால், "மட்டமான செருப்புலே, வச்ச இடத்துலயே தேயுது" என்கிறார். கலர் பிரிண்ட் எடுத்த மேப்பைக் காணோம், வடை மடிக்கக் கொடுத்திருப்பார். ஆளும் கறுத்துப் போயிருக்கிறார், நாளைக்கு அப்படியே லிவர் டெஸ்ட்டும் எடுக்கலாம் என்றிருக்கிறேன். இப்போது இதை எழுதும்போது உள் அறையில் படுத்துக்கொண்டு, "ஏலே, இன்சுலின் ஊசி பெருசா இருக்குமோ?" என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார். "கொசு கடிச்ச மாதிரிதாம்ப்பா" என்றேன். "கொசு தினமும் ஒரே இடத்துலயா கடிக்கும்?" என்றார். கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை அக்கா. நாளைக்கு ஊசி என்றால் அந்தக் கையை நான்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஒன்று, இனிமேல் எனக்கு ஆறு, கோயில், பழைய ஊர் என்று எந்தப் படமும் அனுப்பாதே. இந்த ஜென்மத்தில் அவரை நடக்க வைக்க யாராலும் முடியாது.

அத்தானுக்கு என் வணக்கம். அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளை தீர்க்காயுசாக, தாத்தாவின் பிடிவாதம் இல்லாமல், மாமாவின் அறிவோடு வளரட்டும்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டுக் கெட்ட தம்பி
லிங்கேஷ்

பின்குறிப்பு (வெள்ளி மதியம்): நேற்று அனுப்பப் போகும்போது கரண்ட் போய்விட்டது. மேலே எழுதியதை அழிக்கத்தான் நினைத்தேன். கிடக்கட்டும், நீயும் சிரித்துக்கொள்.

லேபில் 7.6 வந்தது. வேறு யாருடைய ரத்தத்தையோ மாற்றிப் பார்த்துவிட்டீர்கள் என்று லேபில் இருந்த ரிஸானாவிடம் சண்டை போட்டேன். அந்தப் பெண் மறுபடியும் பார்த்தது. மறுபடியும் 7.6. "ஊசி வேண்டாம், இப்படியே நடங்க. யாரு உங்கள இப்பிடி நடக்க வச்சது?" என்று டாக்டர் கேட்டார். நான் மேப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இவன் வாய்தான் டாக்டர்."

பத்து வாரமாகத் திங்கள் முதல் சனி வரைக்கும் நான் அந்தப்பக்கம் போனதும் இவர் இந்தப்பக்கம் பஸ் ஏறியிருக்கிறார். நான் ஏசினவர்களையெல்லாம் சமாதானப்படுத்த! போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனால் காலடி எங்கே பதிவாகும்? குருசாமி அண்ணாச்சி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் சீனியில்லாத காபியை நீட்டி, "ஒங்க மகன்ட்ட ஏச்சு வாங்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாராம். இன்றுவரை அதே காபிதான். கரிவலம் ரோட்டில் எந்த வண்டியும் இவரைப் பார்த்து நிற்பதில்லை, கொலைகாரன் பட்டம் யாருக்கு வேண்டும்? ரசூல் பாயைப் பார்க்க ஆற்றங்கரை வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தே போயிருக்கிறார். பாய் குடம் விற்கப் போயிருப்பார். மறுநாளும் போவார். ஆறாவது நாள்தான் ஆள் சிக்கினாராம். ராசியாகிவிட்டது, ஆனால் சர்க்கரை இறங்கும் வரை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டாராம். கோமதித்தாய் அம்மா தினம் ஒரு காட்டில் ஆட்டை விடுகிறவர். அவரைத் தேடித் தேடிப் பனவடலியின் பாதி இவர் காலடியில் போயிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சட்டைப் பையிலிருந்து என் மேப்பை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, வேர்வையில் கலர் போய்விட்டிருந்தது. "நிழல் கிடக்க இடமெல்லாம் கரெக்டாத்தான் போட்டுருக்கலே" என்றார். நான் அந்தப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெயில்தான் காரணம்.

கோமதித்தாய் அம்மா மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "ஏசுனது ஒங்க மகன், மன்னிப்பு நீங்க கேட்டா எப்பிடி? அவன வரச் சொல்லுங்க" என்கிறாராம். நியாயம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன், மிஷின் இல்லாமல். அப்பாவும் கூட வருகிறார்.

மேப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே ஒன்று கேட்டார் அக்கா. "சிவகிரிக்கு எப்பம்லே போறோம்? அங்கன நீ இன்னும் யாரையும் ஏசலையே."